மலைக்குக் காவல் யார்?

மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் பஸ் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே இடது பக்கம் யானைமலை தெரியத் தொடங்கிவிடும். 3 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் மொட்டைப் பாறை. துதிக்கையை முன்னால் நீட்டிப் படுத்திருக்கிற யானை என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. வெளியூரிலிருந்து திரும்புகிற மதுரைக்காரர்களுக்கு இந்த மலை கண்ணில் பட்டாலே வீட்டுக்கு வந்துவிட்ட நிம்மதி.

மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளின் கல்வெட்டுகளைப் பற்றியும் சமணச் சிற்பங்களைப் பற்றியும் புத்தகங்களுக்குக் குறைவில்லை. அந்தக் குன்றுகளின் அடிவாரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டும் நெல் நட்டுக்கொண்டும் இருப்பவர்களுக்கு அவை என்னவாக இருக்கின்றன என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஒத்தக்கடையில் இறங்கி நரசிங்கத்துக்கு ஆட்டோ பிடித்தேன்.

நரசிங்கத்தில் முதலில் வருவது யோக நரசிங்கப் பெருமாள் கோயில். பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி இந்தக் குடைவரையை எடுத்தார். 770-ஆம் ஆண்டு. குடமுழுக்குக்கு முன்பே அவர் இறந்துபோக, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் கட்டி வேலையை முடித்தார். இவ்வளவும் அங்கேயே கல்வெட்டில் இருக்கிறது. கோயிலில் கூட்டம் இருந்தது. கல்வெட்டின் பக்கம் யாரும் திரும்பவில்லை.

மலையடியில் வேப்பமர நிழலில் ஒரு பெரியவர் ஆடுகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சமணர் சிற்பங்களுக்கு எப்படிப் போவது என்று கேட்டேன்.

“சமணரா? மேல பாறையில சாமி இருக்கே, அதைக் கேக்குறீகளா?”

“ஆமாங்கய்யா.”

“இந்தா, இப்படியே ஏறுங்க. பாறை சுடும், பாத்துப் போங்க தம்பி. சாமிக்கிட்டப் போகும்போது செருப்பைக் கழட்டிருங்க.”

மேலே, முன்னோக்கிச் சாய்ந்த ஒரு பாறையின் நெற்றியில் அவர் சொன்ன சாமிகள் வரிசையாக இருந்தன. மகாவீரர், படம் விரித்த பாம்பின் கீழ் பார்சுவநாதர், கொடிகள் காலைச் சுற்றிய பாகுபலி, இயக்கி அம்பிகா. பாறை குடையாக நிற்பதால் மழை நேராக விழவில்லை. அதனால் சில உருவங்களில் பழைய சுண்ணப்பூச்சும் அதன்மேல் தீட்டிய காவிச் சிவப்பும் மஞ்சளும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அருகே போய்ப் பார்த்தால் சுண்ணம் விரல் நகத்தின் கனம்கூட இல்லை. ஒரு சிறுவன் குச்சியால் சுரண்டினால் ஒரு பகலில் உதிர்ந்துவிடும். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் உதிரவில்லை.

உருவங்களின் கீழே வட்டெழுத்து வரிகள். 9, 10-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. யார் செய்வித்தது என்று சொல்லிவிட்டு, அடுத்ததாக அந்தத் திருமேனி யாருடைய பாதுகாப்பில் விடப்படுகிறது என்றும் சொல்கின்றன. ஒன்றில் நரசிங்கமங்கலத்துச் சபையார் ரக்ஷை. அச்சணந்தி என்ற சமண முனிவர் மதுரையைச் சுற்றிப் பல குன்றுகளில் இப்படி உருவங்களைச் செய்வித்திருக்கிறார். அவர் ஊர் ஊராகப் போகிறவர். ஓரிடத்தில் தங்குகிறவர் அல்லர். செய்துவைத்ததைப் பார்த்துக்கொள்ள அங்கேயே இருக்கிற ஆட்கள் வேண்டும். ஆகவே ஊர்ச் சபையின் பெயரைக் கல்லில் வெட்டிவைத்தார்கள். படையை விட்டுக் காவல் போடவில்லை. பொறுப்பு யாருடையது என்று எல்லாரும் பார்க்கும்படி எழுதியதோடு சரி.

இன்றைய ஏற்பாடு வேறு. பாதுகாக்கப்பட்ட சின்னங்களுக்கு 1958-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது; மீறினால் தண்டனை என்று சொல்லும் பலகை இருக்கிறது. 2010-இல் வந்த திருத்தத்தின்படி, மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்டக்கூடாது. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். சட்டத்தின் நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மலையடிவாரத்து ஊர்க்காரருக்கு அது போய்ச் சேருகிற விதம் வேறு. மகனுக்குக் கல்யாணம் முடித்து மாடியில் ஒரு அறை எடுக்கலாம் என்று நினைக்கும்போதுதான் தன் வீட்டுக்குப் பின்னால் ஒரு தொன்மைச் சின்னம் இருப்பதே அவருக்குத் தெரியவருகிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அதுவரை அவருக்கு யாரும் வாசித்துக் காட்டியதில்லை. முதல் அறிமுகமே தடையுத்தரவாக வந்தால் அவருக்கு அந்தக் கல்லின்மேல் எப்படிப் பாசம் வரும்? அதனால்தான் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் அளவு நாடாவோடு யாராவது வந்தாலே ஒரு பதற்றம் பரவுகிறது.

அப்படியிருந்தும் 2010-இல் யானைமலையையே செதுக்கிச் சிற்பங்களாக மாற்றலாம் என்று ஒரு திட்டம் கிளம்பியபோது முதலில் எதிர்த்து நின்றவர்கள் இந்த ஊர்க்காரர்கள்தாம். சட்டப்பிரிவைச் சொல்லி யாரும் எதிர்க்கவில்லை. ‘எங்க மலையில கை வைக்காதே’ என்றுதான் எதிர்த்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. அந்தச் சூட்டில் மதுரையில் தொடங்கியதுதான் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணனின் பசுமை நடை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஒத்தக்கடைக்குத் திரும்பி, மேலூர் சாலையில் மேலும் போய், பிரிந்து உள்ளே நுழைந்தால் அரிட்டாபட்டி. மதுரையிலிருந்து 25 கிலோமீட்டர் இருக்கும். சாலையின் இரண்டு பக்கமும் வயலும் கண்மாயும் மாறி மாறி வருகின்றன. எந்தப் பக்கம் பார்த்தாலும் பின்னால் ஒரு குன்று நிற்கிறது.

இங்கே ஒரே மலையைச் சுற்றி வருவதற்குள் பாண்டிநாட்டு வரலாறு பாதி கையில் வந்துவிடும். கழிஞ்சமலையில் சமணர் கற்படுக்கைகள். குகை முகப்பில் மழைநீர் உள்ளே வழியாமல் இருக்க வெட்டிய காடி. அதை ஒட்டித் தமிழ் பிராமிக் கல்வெட்டு. அதில் நெல்வேலியைச் சேர்ந்த ஒருவர் பெயர் வருகிறது. 2003-இல் இங்கே இன்னொரு தமிழ் பிராமிக் கல்வெட்டு கண்டுபிடிக்கப்பட்டது. அதில் இலஞ்சியைச் சேர்ந்த வேள் ஒருவரின் மகன் வருகிறார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இன்றைய நெல்லை, தென்காசிச் சீமைக்காரர்கள் இங்கே வந்து முனிவர்களுக்குக் குகை செய்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பக்கத்திலேயே ஒரு தீர்த்தங்கரர் உருவம். அதையும் செய்வித்தவர் அச்சணந்திதான். இங்கே பாதிரிக்குடியார் ரக்ஷை. மலையின் மறுபக்கம் பாண்டியர் காலத்துச் சிவன் குடைவரை. அதன் முகப்பில் ஒருபுறம் பிள்ளையார், மறுபுறம் தண்டோடு லகுலீசர். மேற்கிந்தியாவில் தோன்றிய பாசுபத மரபின் ஆசான் அவர். தமிழ்நாட்டில் அவர் உருவத்தைக் காண்பது அரிது. ஊரில் இந்தக் கோயிலுக்கு இடைச்சி மண்டபம் என்று பெயர். லகுலீசர் என்று கேட்டால் வழி கிடைக்காது. இடைச்சி மண்டபம் என்று கேளுங்கள், சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விடும்.

2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு அரிட்டாபட்டியையும் பக்கத்து மீனாட்சிபுரத்தையும் சேர்த்து சுமார் 193 ஹெக்டேரைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மாநிலத்தில் அதுதான் முதல். 7 குன்றுகள், 72 ஏரிகள், 200 ஊற்றுகள், சுமார் 250 வகைப் பறவைகள் என்று அரசின் அறிவிப்பில் கணக்கு உண்டு. லகர் வல்லூறும் ஷாஹின் வல்லூறும் இந்தப் பாறைகளில் வாழ்கின்றன. தேவாங்கும் எறும்புதின்னியும் இருக்கின்றன. மீனாட்சிபுரத்துக் குன்றில் இருப்பவைதான் மாங்குளம் கல்வெட்டுகள். 1882-இல் ராபர்ட் சீவெல் கண்டறிந்தவை. பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் அவற்றில் இருக்கிறது. தமிழ் எழுத்தின் தொன்மை பற்றிப் பேசுகிற எவரும் இந்தக் குன்றைத் தொடாமல் போக முடியாது.

இரண்டே ஆண்டுகளில், 2024 நவம்பரில், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி ஏலம் போன செய்தி வந்தது. ஏலம் எடுத்தது ஹிந்துஸ்தான் ஜிங்க். 2,015 ஹெக்டேருக்கு மேல். கிட்டத்தட்ட 5,000 ஏக்கர். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம், வல்லாளப்பட்டி, நாயக்கர்பட்டி என்று அடுத்தடுத்த ஊர்கள் அதற்குள் வந்தன.

ஊற்றுக்குப் பக்கத்தில் நூறு நாள் வேலை முடிந்து கரையில் உட்கார்ந்திருந்த பெண்களிடம் அந்த நாள்களைப் பற்றிக் கேட்டேன். ஒருவர் பேச, மற்றவர்கள் நடுநடுவே திருத்தினார்கள்.

“கிராம சபையில தீர்மானம் போட்டோம்ப்பா. அதுக்கப்புறம் தெனமும் மந்தையில கூட்டந்தான். சோறு பொங்குறதுகூட அங்கிட்டுத்தான்.”

“மலையில எழுத்து இருக்கறது முன்னமே தெரியுமாக்கா?”

“எழுத்து இருக்குன்னு தெரியும். என்ன எழுதியிருக்குன்னு தெரியாது. காலேஜ் பிள்ளைகளும் வாத்தியாருமாருகளும் வந்து சொன்னாகள்ல, அப்பத்தான் தெரிஞ்சுச்சு. அதுக்கு முன்னாடி எங்களுக்குத் தண்ணிதான் கணக்கு. அந்தப் பாறையில விழுகுற மழை எந்த ஓடையில எறங்கி எந்தக் கம்மாய்க்குப் போகும்னு கேளுங்க, சொல்றேன்.”

சொல்லவும் செய்தார். விரலை நீட்டி ஒவ்வொரு மடிப்பாகக் காட்டி, எந்த ஊற்று கோடையிலும் வற்றாது, எது மாட்டுக்கு, எது சாமிக்கு என்று வரிசையாக வந்தது. நான் குறிப்பேட்டில் படம் போட்டுக்கொண்டேன். கல்வெட்டுக் குகையும் தீர்த்தங்கரர் பாறையும் இடைச்சி மண்டபமும் அந்தப் படத்தில் ஏதாவது ஒரு நீர்வழியின் ஓரத்திலேயே வந்து விழுந்தன. தண்ணீர் இருந்த இடத்தில்தான் முனிவர் தங்கியிருக்கிறார். அதே தண்ணீரை நம்பித்தான் ஊரும் இருக்கிறது.

2024 டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. அந்த மாதக் கடைசியில் மத்தியச் சுரங்க அமைச்சகம் ஒரு நடுவழியைச் சொன்னது: பல்லுயிர்த் தலமான 193 ஹெக்டேரை விலக்கி, தொகுதியின் எல்லையை மறுபடி ஆராயலாம். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது நியாயமாகத்தான் தெரியும். பறவையும் கல்வெட்டும் தப்பித்துவிடுமே! மேலூர்ப் பக்கத்து ஊர்கள் இதை ஏற்கவில்லை. மழை பெய்கிற பாறை ஒரு எல்லைக்குள்ளும், தண்ணீர் போய்ச் சேருகிற கண்மாய் இன்னொரு எல்லைக்குள்ளும் இருந்தால், பாறையை மட்டும் காப்பாற்றி என்ன பயன் என்பது அவர்கள் கேள்வி. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியில் கூடி, ஆயிரக்கணக்கில் மதுரை தல்லாகுளம் வரை பேரணியாகப் போனார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் முழுவதுமாக ரத்தானது.

தொல்லியல் நூல்களில் ‘தலம்’ என்பதற்கு ஓர் எல்லை உண்டு. குகை, கல்வெட்டு, சுற்றிலும் இத்தனை மீட்டர். ஊற்றுக்கரையில் உட்கார்ந்திருந்த பெண்ணின் கணக்கில் அப்படி எல்லை கிடையாது. மலை, ஓடை, கண்மாய், வயல், மந்தை, கோயில் எல்லாம் ஒரே சொத்து. அந்தக் கணக்குத்தான் அரிட்டாபட்டியின் கல்வெட்டுகளைக் காப்பாற்றியது. அறிஞர்களின் வாசிப்பு அதற்கு ஒரு கூடுதல் வாதத்தைக் கொடுத்தது. இரண்டில் எது முந்தியது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

ஊர் என்றாலே காவல் தெய்வம் என்று நினைத்துவிடவும் முடியாது. மேலூரிலிருந்து திருப்பத்தூர் சாலையில் போனால் கீழவளவு. அங்கே பஞ்சபாண்டவர் மலையில் சமணப் படுக்கைகளும், தொண்டியைச் சேர்ந்த ஒருவர் செய்து கொடுத்ததைச் சொல்லும் தமிழ் பிராமிக் கல்வெட்டும், அழகான தீர்த்தங்கரர் வரிசையும் உண்டு. மலைமேல் ஏறி நின்று சுற்றிப் பார்த்தால், பக்கத்துக் குன்றுகள் இருந்த இடங்களில் சதுரம் சதுரமாக வெட்டிய பள்ளங்கள். சிலவற்றில் பச்சைத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. கிரானைட் போன பள்ளங்கள் அவை. 2012-இல் அப்போதைய ஆட்சியர் உ. சகாயம் அரசுக்கு அனுப்பிய அறிக்கை, மாவட்டத்துக் கிரானைட் முறைகேடுகளால் ஏற்பட்ட இழப்பை 16,000 கோடி ரூபாய்க்கு மேல் என்று மதிப்பிட்டது. 2014-இல் உயர் நீதிமன்றம் அவரையே விசாரணைக்கு நியமித்தது.

மலையடியில் டீக்கடை வைத்திருப்பவர் ஒரு காலத்தில் குவாரியில் கல் உடைத்தவர். “வேற வேலை எங்கண்ணே இருந்துச்சு? கண்மாயில தண்ணி இல்ல, வெள்ளாமை இல்ல. கூலி கொடுத்தாக, போனோம்,” என்றார். மறைக்கவும் இல்லை, பெருமைப்படவும் இல்லை. பஞ்சபாண்டவர் மலை மட்டும் எப்படித் தப்பித்தது என்று கேட்டதற்கு, “அது பாண்டவங்க படுத்த எடம்ல? அதுல யாரு உளி வைப்பா?” என்றார். அதற்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவர் சொன்ன காரணம் அவருக்குப் போதுமானதாக இருந்தது.

பாண்டவர் இங்கே படுத்ததாகப் புத்தகம் சொல்லவில்லை. சமணத் துறவிகளின் கற்படுக்கைகளைத்தான் ஊர் பாண்டவர் படுக்கை ஆக்கியிருக்கிறது. இதைக் கேட்டுச் சிரிக்கிற ஆய்வாளர்களை நான் பார்த்திருக்கிறேன். சமணம் இந்தப் பகுதியை விட்டுப் போன பிறகு, இந்தக் குகைகளுக்குச் சொந்தம் கொண்டாட யாரும் இல்லாத நீண்ட நூற்றாண்டுகளில், ஒரு கதைதான் இவற்றை ஊரோடு கட்டி வைத்திருந்தது. அந்தக் கதையைப் பிடுங்கிவிட்டு வரலாற்றைக் கொடுக்கிறோம் என்றால் வாங்கிக்கொள்ள ஆள் வரமாட்டார்கள். கதையையும் வைத்துக்கொள், இதையும் கேள் என்று சொல்லத் தெரிந்தவர்களே ஊரோடு வேலை செய்ய முடிகிறது.

அப்படிச் சொல்லத் தெரிந்தவர்களை மதுரைக்கு மேற்கே, நாகமலைப் புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் கீழக்குயில்குடியில் பார்த்தேன். தாமரைக் குளம், ஆலமரங்கள், அய்யனார் கோயில். பின்னால் சமணர் மலை. மலையின் ஒரு பகுதியில் செட்டிப்புடவு; உள்ளே உட்கார்ந்திருக்கிற மகாவீரரை நீண்ட காதுகளைப் பார்த்து ஊர் செட்டியார் ஆக்கிவிட்டது. அய்யனார் கோயிலுக்குப் பின்னால் படியேறினால் பேச்சிப்பள்ளம், வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். ஒரே மலையை அய்யனாரும் பேச்சியும் மகாவீரரும் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குள் சண்டை வந்ததாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை பசுமை நடைக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். மாதம் ஒரு தடவை இப்படி ஒரு தொல்லிடத்துக்கு நடக்கிறார்கள். குழந்தைகள், வங்கி ஊழியர்கள், கல்லூரி மாணவர்கள், ஓய்வு பெற்றவர்கள் என்று கலவையான கூட்டம். தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் போன்றவர்கள் பாறையடியில் நின்றே கல்வெட்டை வாசித்துச் சொல்வார்கள். கேள்விக்கு அங்கேயே பதில். அப்புறம் மரத்தடியில் காலைச் சாப்பாடு. மதுரையின் சமணத் தடங்கள் பற்றி இவர்கள் கொண்டுவந்த ‘மதுர வரலாறு’ புத்தகம் ஆய்வேட்டு நடையில் இல்லாமல் யாரும் வாசிக்கும்படி இருக்கிறது.

என் கண் கூட்டத்தின் ஓரத்தில் இருந்தது. உள்ளூர்ப் பையன்கள் சிலர் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியூர்ப் பெண் ஒருவர் பாறையில் கையை ஊன்றிப் படம் எடுக்கப் போனபோது ஒரு பையன் அதட்டினான்: “அக்கா, எழுத்து மேல கை வைக்காதீங்க!” அவனுக்கு வயது பன்னிரண்டு, பதின்மூன்று இருக்கும். அவன் எழுத்துகளை வாசிப்பானா என்று தெரியவில்லை. ஆனால் அவை தன் பொறுப்பு என்று நினைக்கிறான். இதற்குப் பின்னால் எந்தப் பெரிய திட்டமும் கிடையாது. மறுபடி மறுபடி யாரோ வந்திருக்கிறார்கள், வந்தவர்கள் அவன் ஊரைப் பற்றி அவன் காதில் விழும்படி பேசியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கடைசியாகக் கீழடி. மலைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அங்கே ஒன்றுமே தெரியாது, சமதளம், தென்னந்தோப்புகள். மதுரையிலிருந்து 12 கிலோமீட்டர். 1970-களில் கிணறு தோண்டும்போது கிடைத்தவற்றைப் பற்றி மாணவர்கள் சொல்ல, உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் அவற்றை வாங்கிப் பத்திரப்படுத்தித் தொல்லியல் துறையினருக்குச் சொன்னார். பல பத்தாண்டுகள் கழித்து, இந்தியத் தொல்லியல் துறையின் அமர்நாத் ராமகிருஷ்ணா குழு வைகைக் கரையை ஆராய்ந்து கீழடியைத் தேர்ந்தெடுத்தது. 2014-இல் அகழாய்வு தொடங்கியது. 2018-இலிருந்து மாநிலத் தொல்லியல் துறை தொடர்கிறது. செங்கல் கட்டுமானங்கள், உறைகிணறுகள், பெயர் கீறிய பானை ஓடுகள் வெளிப்பட்டன. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த மாதிரி ஒன்று கி.மு. 580 என்று காலம் காட்டியது. இது எல்லாருக்கும் தெரிந்த கதை. அதிகம் சொல்லப்படாதது, இவை அத்தனையும் தனியார் பட்டா நிலங்களில் நடந்தது என்பது. பழைய குடியிருப்பு புதைந்திருக்கும் மேடு சுமார் 110 ஏக்கர். தோப்புக்காரர்கள் ஒப்புக்கொண்டிருக்காவிட்டால் ஒரு கொத்துக்கரண்டி மண்கூட எடுத்திருக்க முடியாது.

குழிகளில் இறங்கி வேலை செய்தவர்கள் சுற்றுவட்டாரத்து ஆண்களும் பெண்களும். பானை ஓடு கழுவும் இடத்தில் ஓர் அம்மா வேலையைக் காட்டினார். ஒரு பிளாஸ்டிக் தட்டில் ஓடுகள். பக்கத்தில் தண்ணீர்ச் சட்டியும் மெல்லிய பிரஷ்ஷும். ஒவ்வொன்றாக எடுத்து, முதலில் உடைந்த விளிம்பைத் தேய்க்கிறார், பிறகு உள்பக்கம், வெளிப்பக்கத்தைக் கடைசியாக, லேசாக. ஏன் அந்த வரிசை என்று கேட்டேன். “வெளிய கீறல் இருந்தாலும் இருக்கும்யா. மண்ணு நல்லா ஊறின பெறகுதான் அதுல கை வைக்கணும். அவசரப்பட்டுத் தேச்சா கீறலோட போயிரும்,” என்றார். கழுவிய ஓட்டை வெயிலில் சாய்த்துப் பிடித்துத் திருப்பினார். சாய்ந்த வெளிச்சத்தில் மெல்லிய கோடுகள் தெரிந்தன. “இது எழுத்தில்ல, குறி. எழுத்துன்னா கோடு வேற மாதிரி போகும்.” காய்ந்த பிறகு ஓட்டின் உள்பக்கம் குழி எண்ணும் ஆழமும் மையால் எழுதப்படும். அந்த எண் இல்லாவிட்டால் ஓடு வெறும் ஓடுதான். எந்த மண்ணிலிருந்து வந்தது என்ற கதை அதோடு தொலைந்துபோகும். இந்த நுணுக்கத்தை அவருக்குக் கல்லூரி சொல்லித்தரவில்லை. அகழாய்வில் கூலிக்கு வந்து கற்றுக்கொண்டது. கண்டுபிடிப்புகளின் அறிக்கையில் அவர் பெயர் வருமா என்று நான் கேட்கவில்லை, அவரே கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

கிடைத்த பொருள்கள் ஊரை விட்டுப் போகக் கூடாது என்பதும் கீழடியில் ஒரு போராட்டமாகவே நடந்தது. அவை மைசூருக்குக் கொண்டுபோகப்படும் என்ற பேச்சு எழுந்தபோது, பொதுநல வழக்கு போட்டு, உள்ளூரிலேயே அருங்காட்சியகம் வேண்டும் என்றார்கள். 2023 மார்ச்சில் பக்கத்துக் கொந்தகையில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. செட்டிநாட்டு வீட்டின் சாயலில் 18 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துக் கட்டியிருக்கிறார்கள். நான் போன அன்று பள்ளிப் பிள்ளைகள் வரிசை வாசல் வரை நின்றது. வெளியே இளநீரும் சுண்டலும் விற்றவர்கள் கீழடி, கொந்தகை ஊர்க்காரர்கள். அகழாய்வால் தங்களுக்கு என்ன வந்தது என்று கேட்பவர்களுக்கு அவர்களிடம் ஒரு நேரடிப் பதில் இருக்கிறது.

ஆனாலும் தோப்புக்காரர் ஒருவர் சொன்னதை விட்டுவிடக் கூடாது. “குழியைத் திரும்ப மூடிக் கொடுத்துட்டாங்க சார். ஆனா நான் அதுல தென்னை வைக்கிறதா வேண்டாமா? வச்சு வளந்த பிறகு மறுபடி தோண்டணும்னு வந்தா? அதை மட்டும் யாராவது உக்காந்து பேசி முடிவு சொன்னா நல்லாருக்கும்.” அவர் நிலத்தைக் கொடுக்க மறுக்கவில்லை. தன்னையும் உட்கார வைத்துப் பேசச் சொல்கிறார்.

ஊரைச் சேர்த்துக்கொள்வது என்றால் பல இடங்களில் திறப்பு விழாவுக்கு ஊர்த் தலைவரை அழைத்து மாலை போடுவதோடு முடிந்துவிடுகிறது. இந்தக் குன்றுகளிலும் குழிகளிலும் நான் கேட்டவற்றைச் சேர்த்துப் பார்த்தால் தேவைகள் மிக எளியவை. கல்வெட்டை ஊரில் வாசித்துக் காட்ட வேண்டும். தடை வருமானால் அதற்கு முன்பே காரணம் வர வேண்டும். கிடைத்தது கிடைத்த மண்ணுக்கு அருகிலேயே இருக்க வேண்டும். வேலை செய்தவர் பெயர் அறிக்கையில் ஏற வேண்டும். ஊர் என்று சொல்லும்போது மந்தையில் முன்வரிசையில் உட்காருகிறவர்கள் மட்டும் ஊர் இல்லை என்பதும் நினைவிருக்க வேண்டும். ஆடு மேய்க்கிறவரும் நூறு நாள் வேலைக்குப் போகிறவரும் குவாரியில் கல் உடைத்தவரும்தான் மலையை அங்குலம் அங்குலமாக அறிந்தவர்கள். பல கூட்டங்களில் அவர்களுக்கு நாற்காலி கிடையாது.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 முறை கிராம சபை கூடுகிறது. குடிநீர், தெருவிளக்கு, வரவு செலவு என்று பொருள்நிரல் வாசிப்பார்கள். அதில் இன்னொரு வரியைச் சேர்க்கலாம்: ஊர் மலையிலும் மேட்டிலும் உள்ள எழுத்தும் சிற்பமும் குழியும் எந்த நிலையில் இருக்கின்றன என்று. போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்ல ஊரில் ஆள் உண்டு. அவர் சொல்வதைத் தொல்லியல் துறை எழுதிக்கொள்ளட்டும். துறைக்குத் தெரிந்ததை அதே கூட்டத்தில் எழுந்து நின்று அவருக்குச் சொல்லட்டும். புதுச் சட்டம் எதுவும் இதற்குத் தேவையில்லை. ஆகஸ்ட் 15 கூட்டத்திலேயே தொடங்கிவிடலாம்.